ராயகிரிப் பக்கத்தை எழுதினது யாரு?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடைக் கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை செய்யுங்க. போன்ல தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து "இராயகிரி"ன்னு தேடுங்க. தென்காசி மாவட்டத்துல, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற ஒரு பேரூராட்சி. குற்றாலத்துக்குப் போற டூரிஸ்ட் வண்டிகள் இந்தப் பக்கம் நிக்கிறதில்ல. ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு பக்கம் இருக்கு. எந்த மாவட்டம், மக்கள்தொகை என்ன, இந்த மாதிரி விவரம்தான். உண்மையைச் சொன்னா, படிக்க அவ்வளவு சுவாரஸ்யமா இருக்காது.

சுவாரஸ்யம் வேற இடத்துல இருக்கு. அந்தப் பக்கத்துக்கு வரலாறுன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்க. யாரு, எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு, எந்த வரியை மாத்தினாங்கன்னு வரிசையா வரும். 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாச்சு. அது வரைக்கும் இந்த ஊர்கள் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். அரசாணை வந்துடுச்சு, சரி. விக்கிப்பீடியாவுல இருக்கிற ஒவ்வொரு ஊர்ப் பக்கத்துலயும் "திருநெல்வேலி"யை "தென்காசி"ன்னு மாத்துறது யாரு வேலை? யாரு வேலையும் கிடையாது. ஆனா யாரோ உட்கார்ந்து மாத்தினாங்க. சம்பளம் இல்லாம, ஒரு லைக்கும் இல்லாம.

ராத்திரி பதினொரு மணிக்கு நாம ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கிற அதே நேரத்துல, அதே மாதிரி ஒரு போன்ல, யாரோ ஒருத்தர் ஒரு பேரூராட்சியோட தாலுகாவைச் சரி பண்ணிட்டிருக்கார். அவருக்கு அப்படி என்னதான் கிடைக்குது? இந்த எபிசோட் அதைப் பத்திதான். தமிழ்ல முன்பின் தெரியாதவங்க ஒண்ணு சேர்ந்து ஒரு பொருளைச் செய்ற பழக்கம் எங்கிருந்து வந்தது, இணையத்துல அது எப்படி வளர்ந்தது, எங்க முட்டி நிக்குதுன்னு பார்க்கலாம்.

முதல்ல இணையத்துக்கு முன்னாடி. ராயகிரியில இருந்து தெற்கே இறங்கினா தென்காசி, அப்புறம் குற்றாலம். குற்றாலம்னா நமக்கு அருவி. நம்ம தாத்தா காலத்து வாசகர்களுக்குக் குற்றாலம்னா டி.கே.சி. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், வக்கீலுக்குப் படிச்சவர், 1954ல காலமானார். திருநெல்வேலியில வண்ணார்பேட்டையில அவர் வீட்டு முற்றத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடுவாங்க. ஒரு பாட்டை எடுத்து வரி வரியா ரசிப்பாங்க. அந்தக் கூட்டத்துக்குத்தான் "வட்டத்தொட்டி"ன்னு பேரு. பிற்பாடு அவர் குற்றாலத்துக்கே குடி போனப்போ, அந்தச் சபையும் கூடவே போச்சு. ராஜாஜி, கல்கி எல்லாம் அங்க வந்து போனவங்க.

வட்டத்தொட்டியைத் தமிழோட முதல் "குரூப்"னு சொல்லத் தோணும். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. வட்டத்துக்கு ஒரு மையம் இருந்துச்சு, அது டி.கே.சி. கம்பராமாயணத்துல எது கம்பன் எழுதின பாட்டு, எது பிற்காலத்துல நுழைஞ்ச இடைச்செருகல்னு அவர் தன்னோட ரசனையை வச்சே தீர்மானிச்சார். நிறையப் பாட்டுகளைத் தள்ளினார், சில சொற்களை மாத்தவும் செஞ்சார். அற்புதமான ரசிகர், சந்தேகமே இல்ல. ஆனா அவர் எதை மாத்தினார், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு அவர் பதிப்பை மட்டும் வச்சுக்கிட்டுப் படிக்கிற ஒருத்தரால கண்டுபிடிக்க முடியாது. இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் உ.வே. சாமிநாதையர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடியில எந்தச் சொல் இருக்குன்னு பாடபேதம் குறிச்சு வைப்பார். சுவடி கொடுத்து உதவினவங்க பேரையெல்லாம் முன்னுரையில எழுதுவார். இப்போ ராயகிரிப் பக்கத்துல நாம அழுத்தின அந்த வரலாறு பொத்தான் இருக்கே, அது டி.கே.சி. வழியில வந்ததில்ல. உ.வே.சா. வழியில வந்தது.

மூணாவதா ஒருத்தரையும் சொல்லிடுறேன், பெரியசாமித் தூரன். நாடு விடுதலை அடைஞ்ச சமயத்துல, தமிழ்ல ஒரு கலைக்களஞ்சியம் வேணும்னு தமிழ் வளர்ச்சிக் கழகம் முடிவு பண்ணுது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னால நின்னார், தூரன் முதன்மை ஆசிரியர். முதல் தொகுதி 1954ல வந்துச்சு. பத்தாவது தொகுதி வர 1968 ஆயிடுச்சு. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் கட்டுரை எழுதினாங்க, தபால்ல போய் தபால்ல வந்த கட்டுரைகள். ஒரு இந்திய மொழியில அந்த அளவுக்கு ஒரு நவீன கலைக்களஞ்சியம் அப்போ பெரிய சாதனை. ஆனா அச்சான அன்னைக்கே அது பழசாக ஆரம்பிச்சுடுச்சு. கலைக்களஞ்சியங்களோட தலையெழுத்து அது. மாவட்டம் பிரிஞ்சா, அடுத்த பதிப்பு வர வரைக்கும் காத்திருக்கணும். அடுத்த பதிப்புக்குப் பணம் யாரு தர்றது?

இப்போ 90களுக்கு வருவோம். உங்கள்ல பாதிப் பேர் அப்போ பிறந்திருக்க மாட்டீங்க. அன்னைக்கு இணையத்துல தமிழ் படிக்கிறது ஒரு கூத்து. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட். அந்த ஃபான்ட் உங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னா, திரையில ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். இதைச் சரி பண்ண சிங்கப்பூர், மலேசியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, சென்னைன்னு சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சல்லயே மாசக்கணக்கா விவாதிச்சாங்க. மலேசியாவுல முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செய்தார். 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுல தமிழ்99 விசைப்பலகைக்கு அரசு அங்கீகாரம் கிடைச்சுது. இன்னைக்கு உங்க போன்ல கீபோர்டைத் திறந்து தமிழ்99னு தேர்ந்தெடுக்கிறீங்கன்னா, அது அந்தச் சண்டைகளோட மிச்சம்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்துல வேதியியல் ஆராய்ச்சியாளர். சூரிய ஒளியில இருந்து மின்சாரம் எடுக்கிறது அவரோட துறை. சாயங்காலத்துல தமிழ் ஃபான்ட். "மயிலை"ன்னு ஒரு எழுத்துருவை உருவாக்கி இலவசமா கொடுத்தார். 1998 பொங்கல் அன்னைக்கு "மதுரைத் திட்டம்" ஆரம்பிக்குது. சங்கம் இருந்த ஊரோட பேரு.

திட்டம் ரொம்ப எளிமையானது. காப்புரிமை முடிஞ்ச தமிழ் நூல்களை யாராவது தட்டச்சு பண்ணணும், வேற ஒருத்தர் மெய்ப்பு பார்க்கணும், பிறகு எல்லாருக்கும் இலவசம். அமெரிக்காவுல மைக்கேல் ஹார்ட் 1971ல ஆரம்பிச்ச குட்டன்பர்க் திட்டத்தோட அதே யோசனைதான். முதல் நூல் திருக்குறள். அங்க போய் எந்த நூலை வேணும்னாலும் திறந்து பாருங்க, ஆரம்பத்துலயே சில வரிகள் இருக்கும். தட்டச்சு செஞ்சவர் இன்னார், இந்த ஊர். மெய்ப்பு பார்த்தவர் இன்னார், இந்த நாடு. அவ்வளவுதான். ப்ரொஃபைல் போட்டோ கிடையாது, எத்தனை பேர் படிச்சாங்கன்னு எண்ணிக்கை கிடையாது. ஒரே புத்தகத்தைச் செஞ்சு முடிச்ச ரெண்டு பேரு வாழ்க்கையில ஒரு தடவை கூட நேர்ல பார்த்திருக்க மாட்டாங்க. எனக்கு அந்த ரெண்டு வரி மேல ஒரு தனிப் பிரியம். கல்வெட்டுல தானம் கொடுத்தவன் பேரு இருக்கிற மாதிரி.

அடுத்தது விக்கி. அந்தச் சொல் ஹவாய் மொழிச் சொல். "விக்கி விக்கி"ன்னா சட்டுனு, சீக்கிரமா. ஹொனலூலு விமான நிலையத்துல ஓடின பஸ்ஸோட பேரு. வார்ட் கன்னிங்ஹாம்ங்கிற நிரலாளர், யாரு வேணும்னாலும் திருத்தக்கூடிய தளத்தை 1995ல செஞ்சப்போ, அந்த பஸ் பேரையே வச்சுட்டார். 2001ல விக்கிப்பீடியா. 2003 செப்டம்பர் 30 தமிழ் விக்கிப்பீடியா.

ஆரம்பத்துல அது காலி மனை மாதிரி. பொத்தான்கள் கூட ஆங்கிலத்துல. 2003 நவம்பர்ல ஒருத்தர் உள்ள வர்றார். இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், அபுதாபியில வேலை. முதல்ல அந்த இடைமுகத்தைத் தமிழாக்குற வேலையை எடுத்துக்கிட்டார். அப்புறம் கட்டுரை. ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல போச்சு. 2015க்கான இயல் விருதைக் கனடாவோட தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்துச்சு. நாவலாசிரியர்களும் ஆய்வாளர்களும் வாங்குற விருது அது. 2017ல தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டுச்சு. அதுல ஒரு பகுதி ராயகிரிப் பக்கம் மாதிரிதான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களை வச்சு, தானியங்கி நிரல் மூலமா ஊர்ப் பக்கங்களைக் கொத்துக் கொத்தா உருவாக்கினாங்க. அதனாலதான் உங்க ஊர்ப் பக்கமும் பக்கத்து ஊர்ப் பக்கமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்.

சண்டை இல்லாம இருந்துச்சான்னா, நிறைய இருந்துச்சு. தமிழ் எழுதுறவங்க ஒண்ணு கூடினா கிரந்த எழுத்துச் சண்டை வராம இருக்குமா? ஜ, ஷ, ஸ, ஹ போடலாமா கூடாதா? நாம "ஆக்சிஜன்"னு படிச்சோம், இலங்கைப் பாடப்புத்தகத்துல "ஒட்சிசன்". நமக்கு "டொராண்டோ", அவங்களுக்கு "ரொறன்ரோ". எது தலைப்பு? பேச்சுப் பக்கங்கள்ல கிலோமீட்டர் கணக்குல விவாதம் ஓடியிருக்கு. சில பேர் கோவிச்சுக்கிட்டுப் போயும் இருக்காங்க.

ஆனா இந்தச் சண்டைக்கும், நீங்க காலையில எக்ஸ்ல பார்த்த சண்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்க சண்டை முடிஞ்சதும் ஒரு கட்டுரை மிஞ்சணும். ஒரே பக்கம்தான் இருக்கு, ரெண்டு பேரும் அதுலதான் எழுதியாகணும். தலைப்பு ஒண்ணு, மத்த பேர்களை முதல் வரியில போடுவோம், அந்தப் பேர்ல தேடினாலும் இங்க வர்ற மாதிரி வழிமாற்று வைப்போம்னு ஒரு இடத்துல வந்து நிப்பாங்க. சமூக ஊடகத்துல சண்டை நீண்டா கம்பெனிக்கு லாபம், நீங்க இன்னும் பத்து நிமிஷம் உள்ளயே இருப்பீங்க. விக்கிப்பீடியாவுல சண்டை நீண்டா வேலை நிக்குது, எல்லாருக்கும் எரிச்சல். அங்க இருக்கிறவங்க நம்மளை விட நல்லவங்கன்னு நான் நினைக்கல. அந்த இடம் கட்டப்பட்ட விதம் அப்படி.

இன்னொரு விஷயம், நிலைக்கிறது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் வயித்தெரிச்சலாவே இருக்கு. ஆர்குட் ஞாபகம் இருக்கா? இல்லன்னா அக்கா, அண்ணன்கிட்ட கேளுங்க. 2004ல வந்துச்சு. ஊருக்கு ஒரு குழு, நடிகருக்கு ஒரு குழு, எழுத்தாளருக்கு ஒரு குழு. தமிழ்ல எவ்வளவு பேசினாங்க, கதை எழுதினாங்க, வெண்பாப் போட்டி கூட நடத்தினாங்க. கூகுள் அதை மூடினது 2014 செப்டம்பர் 30. தமிழ் விக்கிப்பீடியாவோட பதினொண்ணாவது பிறந்த நாள் அன்னைக்கு! யாரும் திட்டமிட்டது இல்ல, தற்செயல். பிறகு யாஹூ குழுமங்கள். தமிழ்ல மரபு, இலக்கியம், கணினின்னு பேசின குழுக்கள் அங்க எத்தனையோ இருந்துச்சு. 2020 டிசம்பர்ல அதுவும் முடிஞ்சுது. 1998ல தட்டச்சு செஞ்ச திருக்குறள் கோப்பு இன்னைக்கும் திறக்குது. காரணம் தொழில்நுட்பம் இல்ல. அந்தக் கோப்பை யாரு வேணும்னாலும் நகல் எடுத்து வச்சுக்கலாம்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. விக்கிப்பீடியாவும் அப்படித்தான். மொத்தத்தையும் நீங்க பதிவிறக்கிக்கலாம், நாளைக்கே அந்த நிறுவனம் மூடிட்டா வேற ஒருத்தர் அதை எடுத்து நடத்தலாம். ஆர்குட்ல நீங்க எழுதின வெண்பாவுக்கு அந்த உரிமை இல்லாம போச்சு.

ஒரு நூலகம் மொத்தமா போறதுன்னா என்னன்னு தெரிஞ்ச ஊர் ஒண்ணு இருக்கு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சாங்க. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போச்சு. இருபத்து நாலு வருஷம் கழிச்சு, 2005ல, கோபிநாத், மயூரன்னு ரெண்டு இளைஞர்கள் "நூலகம்"னு ஒரு திட்டத்தைத் தொடங்குறாங்க. முதல்ல மதுரைத் திட்டம் மாதிரி தட்டச்சு பண்ணினாங்க. ஈழத்துல வந்த புத்தகம், பத்திரிகை, கோவில் மலர், பள்ளிக்கூட மலர்னு பார்க்கும்போது, தட்டச்சு பண்ணி மாளாதுன்னு புரிஞ்சு ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சாங்க. அப்போ இலங்கையில போர் முடியல. இன்னைக்கு அது ஒரு அறக்கட்டளை. இலங்கைத் தமிழைப் பத்தி ஆராய்ச்சி செய்றவங்க யாரும் அதைத் தொடாம எழுத முடியாது. பள்ளிக்கூட மலரை எல்லாம் யாரு படிப்பாங்கன்னு கேட்டா, அந்தப் பள்ளிக்கூடமே இல்லாம போன ஊர்க்காரங்க படிப்பாங்க.

சரி, இப்போ போன் வச்சிருக்கிற ஒருத்தர் இதுல எங்க நுழையலாம்? எனக்குப் பிடிச்ச வாசல் விக்கிமூலம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கின எழுத்தாளர்களோட நூல்கள் 2,000க்கும் மேல, தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலமா அங்க வந்து சேர்ந்துச்சு. எல்லாம் ஸ்கேன் பண்ணின படம். படத்துல இருந்து எழுத்தைப் பிரிக்கிற வேலையைக் கணினி செய்யும், ஆனா தப்பும் தவறுமா. "ர"வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகம்னா யானைத் துதிக்கை போட்ட "லை", "னை" வரும், அங்க அப்படியே கவுந்துடும். அதனால ஒவ்வொரு பக்கத்தையும் மனுஷன் பார்க்கணும். யாரும் தொடாத பக்கம் சிவப்பு. ஒருத்தர் மெய்ப்பு பார்த்தா மஞ்சள். இன்னொருத்தர் சரிபார்த்தா பச்சை. மஞ்சளாக்கினவரே அதைப் பச்சையாக்க முடியாது, மென்பொருள் விடாது. ஸ்ட்ரீக் இல்ல, கவுன்ட் இல்ல, உங்களுக்குப் பின்னாடி முகம் தெரியாத ஒருத்தர் வருவார்ங்கிற நம்பிக்கை மட்டும்தான். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் போதும். மெட்ரோவுல கிண்டியில ஏறினா சென்ட்ரல்ல இறங்குறதுக்குள்ள ஒண்ணு முடிக்கலாம்.

குறையையும் பேசணும். இந்தத் திட்டங்கள் எல்லாத்தையும் தாங்குறது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலபேர். அதுல பெண்கள் குறைவு. புதுசா வர்ற ஒருத்தரோட முதல் கட்டுரையை ரெண்டு நிமிஷத்துல நீக்கிட்டா, அவர் திரும்பி வர்றதில்ல. இன்ஸ்டாகிராம் கொடுக்கிற உடனடி கைதட்டலுக்குப் பழகின நமக்கு, முதல் அனுபவமே "ஆதாரம் எங்கே?"ன்னு இருந்தா கஷ்டம்தான்.

அந்த "ஆதாரம்"ங்கிற சொல்லுலதான் ராயகிரி மாட்டிக்குது. விக்கிப்பீடியாவுல எழுதணும்னா பிரசுரமான மேற்கோள் வேணும். கணக்கெடுப்பு அச்சுல இருக்கு, அதனால மக்கள்தொகை இருக்கு. ஊர்க் கிழவிக்குத் தெரிஞ்சது எந்த அச்சுல இருக்கு? பெங்களூருக்காரர் அச்சல் பிரபாலா இதைக் கேள்வியாக்கி 2011ல "மக்களே அறிவு"ங்கிற பொருள்ல ஒரு ஆவணப்படம் எடுத்தார். கேரளாவுலயும் வட இந்தியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் ஊர் மனுஷங்க பேசுறதைப் பதிவு பண்ணி, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளா வைக்கலாமான்னு முயற்சி பண்ணினாங்க. விவாதம் பெருசா நடந்துச்சு. விதி பெருசா மாறல.

ஆனா நம்ம பக்கத்துல ஒருத்தர் இதுக்கு முன்னாடியே வேற வழி கண்டுபிடிச்சார். கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல்ல விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன். தலைவாசல்லயும் வயக்காட்டுலயும் புழங்குற சொல்லை நண்பர்களோட சேர்ந்து சேகரிச்சு, 1982ல கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே கொண்டு வந்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை. அதுக்குப் பின்னாடி பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கு ஒண்ணு செஞ்சார். பாட்டி வாயில இருந்த சொல் அச்சுக்கு வந்துடுச்சு, இப்போ அதை எந்த விக்கிக்காரரும் மேற்கோள் காட்டலாம்.

இன்னைக்கு அதைக் காட்டிலும் சுலபமான வழி இருக்கு. "லிங்குவா லிப்ரே"ன்னு ஒரு கருவி, பிரான்ஸ் விக்கி ஆர்வலர்கள் செஞ்சது. சொற்பட்டியலை வச்சுக்கிட்டு மைக்ல ஒவ்வொண்ணா சொன்னா, அதுவே வெட்டி, பொதுவகத்துல ஏத்திடும். தமிழ்ச் சொற்களும் அங்க சேர்ந்துக்கிட்டே இருக்கு. ராயகிரிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துல புளியங்குடி, எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். மார்க்கெட்ல காயை ரகம் பிரிக்கிற அம்மாக்கள் பெருசு, சிறுசு, அடிபட்டது, பழுக்கப் போறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு சொல்றாங்க? அந்தப் பக்கத்துக்காரங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது போனை அவங்க பக்கம் நீட்டி, சம்மதம் வாங்கி, பதிவு பண்ணுங்க. சொல்றவங்க பேரையும் ஊரையும் மறக்காம சேர்த்துப் போடுங்க.